பரத்பூரின் பறவைக் காடு

ஆக்ராவிலும் மதுராவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார்க்குக் குளிர்காலம் விருந்தினர் காலம். ஊரிலிருந்து வரும் உறவினர் தாஜ்மகாலைக் காண்பர். பதேபூர் சிக்ரியைக் காண்பர். பிருந்தாவனத்தில் கண்ணனைச் சேவித்து, மதுராவில் பேடா வாங்கிக்கொண்டு வண்டி ஏறுவர். சிக்ரியிலிருந்து மேற்கே இன்னும் சிறிது தூரம் சென்றால் பரத்பூர் என்று சொன்னால், "அங்கே என்ன இருக்கிறது?" என்பர். அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் சற்று இடறும். கேவலம் என்ற வடசொல்லுக்குத் தனித்தது, ஒன்றேயானது என்பது பழம்பொருள். காட்டின் நடுவே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானின் பெயர் அது. உள்ளூரார் அவ்விடத்தைக் 'கனா' என்பர். அடர்ந்தது என்று பொருள். பரப்பு 29 சதுர கிலோமீட்டர். பழைய கணக்கில் 11 சதுர மைல். தேசியப் பூங்காக்களுள் இது மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆயினும் இந்நாட்டில் ஒரு நிலம் ஏன், எவ்வாறு, யாரால் காப்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இச்சிறு நிலம் ஒரு முழுப் பாடநூல்.

சென்ற தை மாதத்து விடுமுறை நாளொன்றில் துணைவியாருடனும் மக்கள் இருவருடனும் மதுராவிலிருந்து புறப்பட்டோம். வழக்கமாக ஒரு மணிக்கும் குறைவான பயணம். அன்று மூடுபனி. வண்டி எவ்வளவு தாமதமாயிற்று என்பதை ரயில்வேயில் சம்பளம் வாங்குபவர் எழுதுவது அழகன்று, விட்டுவிடுகிறோம்.

வாயிலில் எங்களுக்கு அமைந்த ரிக்ஷாக்காரர் அறுபதை நெருங்கியவர். பல்லாண்டு கால் ரிக்ஷா மிதித்தவர். இப்பொழுது மின் ரிக்ஷா ஓட்டுகிறார். குழந்தைகள் அவரைச் 'சாச்சா' என்றழைக்க, நாமும் அவ்வாறே அழைத்தோம். பறவைகளின் ஆங்கிலப் பெயர்கள் அவர் நாவில் சரளமாக வந்தன. சிலவற்றுக்கு விஞ்ஞானிகள் வழங்கும் இலத்தீன் பெயரையும் சொன்னார். மேட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு அவரிடம் பெரும் மரியாதை பிறந்தது.

வாயிலிலிருந்து உள்ளே நேராக ஒரு சாலை செல்கிறது. சிறிது தூரம் வரை வறண்ட புதர்க்காடு. பிறகு இருபுறமும் நீர். நீரின் நடுவே மண்திட்டுக்கள். திட்டுக்களின்மேல் கருவேல மரங்கள். மரங்களின்மேல் கிளை தெரியாதபடி மஞ்சள்மூக்கு நாரையின் வளர்ந்த குஞ்சுகள். கீழே பாம்புத்தாரா இறகை விரித்து வெயில் காய்ந்தது. அரிவாள் மூக்கன் சேற்றைக் கிளறியது. வக்கா முதுகைக் கூனிக்கொண்டு, இரவுப் பணி முடித்த காவலாளியைப் போல் உறங்கிற்று. "இவையெல்லாம் நம் வேடந்தாங்கல் பறவைகள் அல்லவா!" என்றார் துணைவியார். அவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நீர்ப்பரப்பின் அக்கரையில் ஆயிரக்கணக்கில் மிதந்த ஊசிவால் வாத்துக்களும் கிளுவைகளும் இமயத்தைக் கடந்து வந்தவை. இப்பூங்காவில் காணப்பட்ட பறவையினங்கள் 350-க்கும் மேற்பட்டவை என்பர். சுற்றிலும் மழை குறைந்த இராஜஸ்தானத்து வறள்நிலம். நடுவே இந்த ஒரு கிண்ணம் நீர். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே பறந்து வரும் களைத்த உயிர்கள் வேறு எங்கே இறங்கும்?

கேவலாதேவர் கோயிலருகே செந்நிறக் கற்பலகைகள் நிற்கின்றன. கணக்குப் பதிவேட்டிலேயே நாளைக் கழிக்கும் நமக்கு அவற்றை விட்டு அகல மனம் வரவில்லை. ஏனெனில் அவையும் ஒரு பதிவேடே. தேதி, வந்த பெருமகனாரின் பெயர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கை என்று பத்தி பத்தியாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1902-ஆம் ஆண்டு டிசம்பரில் கர்சன் பிரபுவின் வருகையோடு அது தொடங்குகிறது. அன்று 540 பறவைகள். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபொழுது முற்பகலில் 3,044, பிற்பகலில் 1,229, ஆக 4,273. கூட்டிப் பார்த்தோம், கணக்குச் சரியாகவே இருந்தது. கடைசிப் பதிவு 1964-ஆம் ஆண்டினது. நாடு விடுதலை பெற்றுப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரும் இங்கே வேட்டை நடந்திருக்கிறது.

மகன் கேட்டான்: "இத்தனை பறவைகளைக் கொன்ற இடத்தையா பறவைகளுக்குக் காப்பிடம் ஆக்கினார்கள்?" கேள்வி நியாயமானதே. ஆனால் விடை, கொன்றதனால்தான் இந்த இடம் எஞ்சியது என்பதாகும். தேசியப் பூங்கா என்றவுடன் மனிதன் கைபடாத கன்னி நிலம் என்று பலர் எண்ணுகின்றனர். பரத்பூர் நிலமோ முழுவதும் மனிதன் கைபட்டது. இது இயல்பாகவே ஒரு தாழ்ந்த பள்ளம். கம்பீர், பாணகங்கை என்னும் ஆறுகளின் வெள்ளத்தைத் தடுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் அரசர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை எனப்படும் கரை எழுப்பப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் அவ்வணையிலிருந்து கால்வாய் வெட்டி, பள்ளத்தைப் பல பாத்திகளாகக் கரையிட்டுப் பிரித்து, மதகுகள் அமைத்து, வாத்து வேட்டைக்கென்றே நீர் தேக்கினர். சாலை போட்டவரும் மதகு வைத்தவரும் வேட்டைக்காரர்களே. இன்று நாம் நின்று வியக்கும் நீர்ப்பரப்பு அவர்கள் செய்த ஏற்பாடு.

இது பரத்பூருக்கு மட்டும் உரிய கதையன்று. இரந்தம்பூர் ஜெய்ப்பூர் அரசரின் வேட்டைக்காடு. கிர் காட்டின் சிங்கங்கள் ஜூனாகட் நவாபின் காவலில் பிழைத்தவை. பந்திப்பூர் மைசூர் மகாராஜாவின் வேட்டை நிலம். நம் சென்னைக் கிண்டிப் பூங்காவும் கவர்னர் மாளிகையை ஒட்டிய மான் தோட்டமாக இருந்ததே. ஒருவர் தமக்கென வேலியிட்டுக்கொண்ட நிலம், பின்னர் எல்லார்க்குமாக வேலியிடத் தகுந்ததாயிற்று.

உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் அமெரிக்க நாட்டு எல்லோஸ்டோன் 1872-இல் ஏற்படுத்தப்பட்டது. வெந்நீர் ஊற்றுக்களும் நீராவிப் பீச்சுக்களும் நிறைந்த அதிசய நிலம் என்பது ஒரு காரணம். உயர்ந்த குளிர்நிலமாதலின் உழவுக்குப் பயன்படாது, ஒதுக்கி வைப்பதால் யார்க்கும் நட்டமில்லை என்று அந்நாட்டு மன்றத்தில் கூறப்பட்டது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நம் நேயர்களுக்குப் புன்னகை வருவிக்கும். நார்தர்ன் பசிபிக் என்னும் ரயில்வே கம்பெனியார், தம் வண்டிகளுக்குப் பிரயாணிகள் கிடைப்பர் என்று கருதி அம்மசோதாவுக்குப் பின்னின்று உழைத்தனர். டிக்கெட் விற்கும் ஆசையும் நல்ல காரியத்துக்கு உதவும் போலும்.

நிற்க. பரத்பூர் நிலம் உழவுக்குப் பயன்படாதது அன்று. நீர் நின்ற வண்டல் நிலம்; வடித்துவிட்டால் கோதுமை விளையும். விடுதலைக்குப் பின் சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் அதைத்தான் கேட்டனர். அரசர் வேட்டைக்கு வைத்திருந்த நிலத்தை நிலமற்றவர்க்குப் பகிர்ந்தளியுங்கள். கால்வாய் நீரை வயலுக்குத் திருப்புங்கள் என்றனர். பசியும் பஞ்சமும் மிகுந்திருந்த அக்காலத்தில் அதை அநியாயமான கோரிக்கை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பறவையியல் அறிஞர் சலீம் அலி அவர்கள் பிரதமர் நேருவிடம் முறையிட்டு அது நடவாமல் தடுத்தார். 1956-இல் இது பறவைகள் சரணாலயமாயிற்று. எனினும் மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. பின்னர் 1981-இல் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளுள் ஒன்றாகவும், 1982-இல் தேசியப் பூங்காவாகவும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சொத்தாகவும் இது உயர்த்தப்பட்டது.

சரணாலயம், தேசியப் பூங்கா என்ற இரண்டும் வெறும் பெயர் வேறுபாடு என்று கருதலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு விளக்கம் உண்டு. ஒரு நிலத்தின் உயிரினம், தாவரம், நில அமைப்பு, உயிர்ச்சூழல் இவற்றின் சிறப்புக் கருதி மாநில அரசு அதனைத் தேசியப் பூங்காவாக்கலாம். சரணாலயத்தில் மக்களின் சில பழைய உரிமைகள் தொடர இடமுண்டு. தேசியப் பூங்காவினுள்ளோ கால்நடை மேய்ச்சல் அறவே கூடாது. காடாயினும், மலையாயினும், ஏரியாயினும் விதி ஒன்றே.

இந்த ஒரு விதி பரத்பூரில் என்ன செய்தது என்பதைச் சாச்சா சொன்னார். அவர் இந்தியில் கூறியதைத் தமிழில் தருகிறோம்.

"பாபுஜி, எங்கள் வீட்டில் ஒன்பது எருமைகள் இருந்தன. காலையில் அவிழ்த்துவிட்டால் தாமே கனாவுக்குள் போகும். மாலையில் தாமே திரும்பும். 1982-ஆம் ஆண்டு நவம்பரில் வழி அடைபட்டது. ஊர் ஊராக மக்கள் திரண்டு போனார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. நானும் போகிறேன் என்று துள்ளினேன். என் தந்தையார் என்னை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். போலீஸார் சுட்ட சத்தம் வீட்டுக்குள் இருந்தே கேட்டது."

அத்துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் மாண்டனர். கற்பலகைப் பதிவேட்டில் அதற்குப் பத்தியில்லை.

"எருமைகள் என்னாயின?" என்று கேட்டாள் மகள்.

"தீனிக்கு வழியில்லை, பேட்டி. ஏழை விற்றோம். இரண்டை வைத்துக்கொண்டோம்." சிறிது நேரம் வண்டியை ஓட்டிய பின், "இப்போது இந்தப் பறவைகள்தாம் எனக்குச் சோறு போடுகின்றன. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?" என்றார்.

எருமைகள் வெளியேறிய பின் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதல் பத்தாண்டுகள் இங்கே ஆராய்ச்சி நடத்தினர். அதற்குத் தலைமை வகித்தவர் வி. எஸ். விஜயன் அவர்கள், பின்னர் கோயம்புத்தூரில் சலீம் அலி பெயரால் அமைந்த ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர். எருமை மேய்வது பறவைக்குக் கேடு என்று முன்னர் அறிஞர்கள் பலரும் நம்பியிருந்தனர். ஆராய்ச்சி வேறு சொல்லிற்று. நீரில் கணுக்கணுவாக வேர்விட்டுப் படரும் ஒருவகைப் புல் இங்கே உண்டு. அதை மேய்ந்து மட்டுப்படுத்தி வந்தவை எருமைகள். நீரில் அவை உழன்று சென்ற தடங்களே வாத்துக்கள் நீந்தவும் இரை தேடவும் திறந்த வழிகளாக இருந்தன. எருமை போனவுடன் புல் தழைத்து நீர்ப்பரப்பைப் பாய்போல் மூடிற்று. மீன் குறைந்தது, வாத்துக்கு இடம் குறைந்தது. இயந்திரங்களை இறக்கிப் புல்லைச் சுரண்டிப் பார்த்தனர். பின்னர் அதே கிராமத்தாரை உள்ளே வந்து புல் அறுத்துச் செல்ல அனுமதித்தனர். எருமையை வெளியே நிறுத்தி, அது தின்னும் புல்லை மட்டும் தலைச்சுமையாக வெளியே கொணரும் ஏற்பாடு! பணம் செலவழித்துச் செய்த வேலையை முன்பு எருமை இலவசமாகச் செய்தது, பாலும் கொடுத்தது.

இதனால் பூங்கா ஆக்கியதே பிழை என்று கூறுவோர் உண்டு. நாம் அக்கட்சியினர் அல்லோம். 1956-இல் காக்காமல் விட்டிருந்தால் இன்று அங்கே கோதுமை வயலும், அதன் நடுவே நான்கு கொக்குகளும் இருந்திருக்கும். நிலத்தைத் தேர்ந்தெடுத்தது சரியே. எதனால் அந்நிலம் அவ்வாறு இருக்கிறது என்று கேளாமல், எல்லாப் பூங்காவுக்கும் உரிய ஒரே பூட்டை இதற்கும் போட்டதுதான் ஆராயத்தக்கது. மகாராஜாவின் மதகு, குடியானவனின் எருமை, மழைக்காலத்து ஆறு என்ற மூன்றும் சேர்ந்து செய்த நிலத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை தாமே சமாளித்துக்கொள்ளும் என்று எண்ண இடமில்லை.

மூன்றில் ஆறும் பின்னர் இடறியது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா என்ற அணை எழுந்தது. அங்குள்ள உழவர்கள் தம் வயலுக்கே நீர் போதாதபோது பறவைக்கு எப்படி விடுவது என்று மறித்தனர். பூங்காவுக்கு ஆண்டுதோறும் வேண்டிய நீர் ஏறக்குறைய 55 கோடி கன அடி. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் சிறு பங்கும் வரவில்லை. ஏரிப்பாத்திகள் வெடித்துக் கிடந்தன; நாரைகள் கூடு கட்டவில்லை. பிறகு கோவர்த்தனம் பக்கத்து வடிகால் வெள்ளத்தையும் சம்பல் ஆற்று நீரையும் குழாய்வழிக் கொணர ஏற்பாடு செய்தனர். பூங்காவின் எல்லையைச் சட்டம் காக்கிறது. அதன் நீர் எல்லைக்கு வெகு தொலைவில் பிறக்கிறது. அங்கே அச்சட்டத்தின் கை எட்டுவதில்லை.

இன்னொரு பறவையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பரத்பூரின் புகழுக்கு முதற்காரணமாக இருந்தது சைபீரியக் கொக்கு. பனிபோல் வெள்ளை; முகம் மட்டும் சிவப்பு. ஓப் ஆற்றுச் சமவெளியிலிருந்து ஆப்கானிஸ்தானம் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இந்த நீரில் கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்று குளிர்காலத்தைக் கழித்தது. 1960-களில் 200 அளவில் வந்தன. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்து, 2002-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரே ஓர் இணை காணப்பட்டது. அதற்குப் பின் வரவில்லை. வழிநெடுக நடந்த வேட்டை பெருங்காரணம் என்பர். சாச்சா அவற்றைப் பலமுறை கண்டவர். எந்தத் திட்டில் அவை நிற்கும் என்று காட்டினார். அங்கே அன்று இரண்டு சாரஸ் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

உணவுப் பொட்டலத்தைப் பிரித்தபொழுது, துணைவியார் தம் ஊர்ப்பக்கத்து வேடந்தாங்கலைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். அங்கே மகாராஜாவும் இல்லை. வேட்டை மாளிகையும் இல்லை. ஏரியில் பறவை எச்சம் விழுந்து நீர் உரமாகிறது. அந்நீர் பாயும் வயல் நன்கு விளைகிறது. இதை அறிந்த கிராமத்தார், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் கலெக்டர் பிளேஸ் துரையிடம் காப்புக் கௌல் பெற்றனர். பயன் கண்டவரே காவலர் ஆயினர். சாச்சா இதை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அங்கே எருமை உண்டா?" என்று வினவினார். ஏரியுள்ள எந்தத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் எருமை இல்லை என்றோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புக்கள். வலசை வரும் வாத்துக்களைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நாரைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காண விரும்பினால், நல்ல மழை பெய்த ஆண்டில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. தை மாதத்தில் கம்பளி இன்றிச் செல்ல வேண்டா. வறண்ட பகுதியில் நம் இராமநாதபுரத்தார்க்குப் பழக்கமான சீமைக் கருவேலம் இங்கும் பரவியிருப்பதைக் காணலாம். கிராமத்தார் அதை வேரோடு பெயர்த்து விறகுக்குக் கொண்டு செல்ல விட்டிருக்கிறார்கள். ரிக்ஷா அமர்த்தும்போது வயதானவரைப் பார்த்து அமர்த்துங்கள். அவர்களுக்குப் பறவைகளின் பெயரும் தெரியும். பறவைகளுக்கு முன் அங்கே மேய்ந்தவற்றின் பெயரும் தெரியும்.